அத்தாவின் வண்டிக்கு முதலில் எதைச் செய்வது?



எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் கார் 2002-ஆம் ஆண்டில் வாங்கப்பட்டது. ஃபோர்டு ஐகான், 1.6 லிட்டர் பெட்ரோல் வண்டி. அத்தா அதைப் பேகம்பூருக்கு ஓட்டிவந்த அன்று தெருப்பிள்ளைகள் எல்லாரும் சுற்றி நின்று கண்ணாடியில் முகம் பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது. தோல் வணிகத்தில் ஒவ்வொரு காசையும் எண்ணிச் செலவழித்தவர் அவர். மாருதி 800 போதும் என்று உறவினர்கள் சொல்லியும் கேளாமல், வாழ்நாளில் ஒரே ஒரு முறை தம் மனத்துக்குப் பிடித்ததை வாங்கினார்.

மறைமலை நகர்த் தொழிற்சாலையிலிருந்து 1999 முதல் வெளிவந்த அந்த வண்டியை ‘ஜோஷ் மெஷின்’ என்று விளம்பரம் செய்தார்கள். இரண்டு கதவுகளும் தாழ்ந்த கூரையும் கொண்ட ஸ்போர்ட்ஸ் கார்களைப் படத்தில் மட்டுமே கண்டிருந்த எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு, ஏறத்தாழ ஒரு டன் எடையும் 92 குதிரைத்திறனும் உடைய இந்த நான்கு கதவு வண்டியே ஸ்போர்ட்ஸ் கார். சிறுமலையின் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளிலும் அது தண்டவாளத்தில் ஓடுவதுபோல் ஓடும். பின்னிருக்கையில் அம்மா திக்ர் செய்துகொண்டே வர, அத்தா ஒவ்வொரு வளைவிலும் ஹார்ன் அடித்து, வளைவு முடிந்ததும் கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்துச் சிரிப்பார். அந்தச் சிரிப்புத்தான் பின்னால் எங்கள் வீட்டில் ஒரு சச்சரவுக்கு வித்தானது.

2016-இல் அத்தா வஃபாத்தானார். சொத்துகளைப் பங்கிட்டபோது வண்டியை விற்க எவருக்கும் மனம் வரவில்லை. அதன் மதிப்பைக் கணக்கிட்டு, சகோதரிக்கும் அம்மாவுக்கும் உரிய பங்கைக் கொடுத்துவிட்டு வண்டியை வைத்துக்கொண்டோம். பதினைந்து ஆண்டுகள் முடிந்த 2017-இலும், அதன்பின் 2022-இலும் பதிவைப் புதுப்பித்தோம். நினைவுச்சின்னமாகப் போர்வை போர்த்தி நிறுத்துவதற்காக அன்று. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும், வணிக நிமித்தம் வத்தலகுண்டுக்கோ ஒட்டன்சத்திரத்துக்கோ போய்வருவதும், மாதம் இருமுறை அம்மாவை முதுகு வைத்தியத்துக்கு மதுரைக்கு அழைத்துச் செல்வதும் இந்த வண்டியில்தான்.

எங்களில் இளையவர் கோயம்புத்தூரில் பணிபுரிகிறார். செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேக்குப் பந்தயம் பார்க்க அடிக்கடி போவார். தரையோடு ஒட்டி ஓடும் வண்டிகளைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு எங்கள் ஐகான் முட்டுக்கொடுத்து நிறுத்தியதுபோல் உயரமாகத் தெரிந்ததாம். அத்தா ஓட்டியபோது இருந்த பிடிமானம் இப்போது இல்லை என்றும் அவர் சொன்னார். அது உண்மைதான், ஆனால் காரணத்தைத் தவறாகக் கண்டுபிடித்தார். ஒரு விடுமுறையில் யாரிடமும் சொல்லாமல் வண்டியை ஒரு பட்டறைக்கு எடுத்துச் சென்று, முன்பக்க ஸ்பிரிங்குகளில் ஒன்றரைச் சுற்று அறுத்து எடுத்துவிட்டு வந்தார். வண்டி தாழ்ந்தது. பார்க்க அழகாகவும் இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை.

ஸ்பிரிங்கை அறுத்தால் அது குட்டையாவதோடு நில்லாமல் விறைப்பும் ஏறும். சக்கரம் மேலும் கீழும் அசைவதற்கு இருந்த இடம் குறையும். பந்தயத் திடலின் வழவழப்பான தார்ச்சாலையில் அந்த விறைப்பு பயன் தரலாம். நம் ஊரிலோ சாலைக்குச் சாலை வேகத்தடை. இந்திய சாலைக் குழுமத்தின் வரையறைப்படி ஒரு வேகத்தடை 3.7 மீட்டர் அகலத்தில், நடுவில் 10 சென்டிமீட்டர் மட்டும் உயர்ந்து, 25 கிலோமீட்டர் வேகத்தில் அலுங்காமல் கடக்கும்படி இருக்க வேண்டும். எங்கள் தெருமுனையில் இருப்பதைச் செங்கல் சுவரைப் படுக்க வைத்ததென்று சொன்னால் மிகையில்லை. வண்டியின் அடிவயிறு ஒவ்வொரு நாளும் அதில் உரசியது. பின்னிருக்கையில் அம்மா தம் வெள்ளைத் துப்பட்டியை நான்காக மடித்து இடுப்புக்குப் பின்னால் வைத்துக்கொள்ளத் தொடங்கினார். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், “வண்டி நல்லாத்தான்ப்பா போகுது” என்றுதான் சொல்லியிருப்பார்.

2023-ஆம் ஆண்டு ஐப்பசி மழையில் ஒருநாள் மதுரையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். எங்களில் மூத்தவர் ஓட்டினார். வாடிப்பட்டியைத் தாண்டி, பாலம் ஒன்றின் இணைப்புப் பட்டை மீது ஏறிய நொடியில் பின்சக்கரங்கள் தவளைபோல் துள்ளின. ஈரச் சாலை. வண்டி பாதி தடம் பக்கவாட்டில் வழுக்கியது. இடப்பக்கம் ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டியில் தகப்பனும் முன்னால் நிற்கவைத்த சிறு பெண்ணும் போய்க்கொண்டிருந்தார்கள். பிரேக்கை அழுத்தினால் முன்பக்கம் அமிழ்ந்ததே தவிர வண்டி நிற்கவில்லை. இறுதியில் நின்றபோது எங்களுக்கும் அவர்களுக்கும் இடையே ஒரு கை அகலம் இருந்தது. அல்ஹம்துலில்லாஹ். அந்தச் சிறுமி எங்களைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு என்ன நடக்கவிருந்தது என்பது தெரியாது. அன்று இரவு எங்கள் வீட்டில் எவரும் சரியாக உண்ணவில்லை.

மறுவாரம் இளையவர் ஊருக்கு வந்ததும் இஷாவுக்குப் பின் உட்கார்ந்து பேசினோம். பேச்சு என்பது மரியாதைச் சொல். வண்டியை விற்றுவிடலாம் என்றார் மூத்தவர். அத்தாவின் வண்டியை விற்பதைவிட அதை ஒழுங்காகச் செய்யலாம் என்றார் இளையவர். உயரத்தையும் விறைப்பையும் தேவைப்படி மாற்றிக்கொள்ளும் காயிலோவர் தொகுப்பை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும் என்பது அவர் யோசனை. விலை ஒரு லட்சத்தைத் தாண்டும். கையில் இருந்ததோ தள்ளுபடியில்லாத குலுக்கல் சீட்டில் விழுந்த 55,000 ரூபாய். மேலும், உற்பத்தியாளர் தந்த அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. 2027-இல் மீண்டும் பதிவைப் புதுப்பிக்க வண்டியை அலுவலகத்தில் காட்ட வேண்டியும் வரும்.

மூத்தவரின் மனைவி ஆலிமா பட்டம் பெற்றவர். அவர்தான் பழைய காலண்டர் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் மூன்று பத்திகளாகக் கோடு கிழித்தார். ளரூரிய்யாத், ஹாஜிய்யாத், தஹ்ஸீனிய்யாத் என்று மேலே எழுதினார். இன்றியமையாதவை, தேவையானவை, அழகு சேர்ப்பவை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) எடுத்துரைத்து, 14-ஆம் நூற்றாண்டில் கிரனடாவில் வாழ்ந்த இமாம் ஷாதிபி (ரஹ்) விரிவாக எழுதிய வகைப்பாடு அது. ஷரீஅத்தின் நோக்கங்களை விளக்க எழுந்த பெரும் பாகுபாட்டைக் காருக்குப் பயன்படுத்துவது முறையா என்று மூத்தவர் தயங்கினார். “உயிர் சம்பந்தப்பட்டதுதானே மச்சான், அந்தப் பிள்ளையை நினைச்சுப் பாருங்க” என்ற பதிலுக்குப் பின் அவர் பேசவில்லை.

சிக்கல் பத்திகளை நிரப்பும்போதுதான் தொடங்கியது. டயரில் இன்னும் பட்டன் இருக்கிறது, அதை மூன்றாவதில் போடுங்கள் என்றார் மூத்தவர். ஷாக் அப்சார்பர் சொகுசுக்கானது, ஸ்பிரிங்தான் முதல் என்றார் இளையவர். புஷ், பால் ஜாயிண்ட் எல்லாம் இருவருக்கும் நினைவிலேயே இல்லை. ஆளுக்கொரு பக்கம் தவறாக இருந்தோம் என்பது மறுநாள் காலை தெரிந்தது.

பழனி சாலைப் பக்கம் முதியவர் ஒருவர் சிறு பட்டறை வைத்திருக்கிறார். அத்தா காலத்திலிருந்தே ஐகான் வண்டிகளைப் பார்ப்பவர். நாங்கள் அவரை மாமா என்றே அழைப்போம். எங்கள் காலண்டர் தாளை வாங்கிப் பார்த்தார். சிரித்தார். அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, முதலில் டயரின் பக்கச் சுவரைத் துணியால் துடைத்தார். அங்கே நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள்: 2315. 2015-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்த டயர் என்று பொருள். எட்டு ஆண்டுத் திண்டுக்கல் வெயிலில் ரப்பர் கட்டையாக இறுகியிருந்தது. நகத்தால் அழுத்தினால் பதியவில்லை. பட்டன் இருந்தாலும் அந்த ரப்பர் ஈரத்தில் சாலையைப் பற்றாது. பின் டயர்களின் மேல் கையை வைத்து மெதுவாகத் தடவச் சொன்னார். கூரை ஓட்டைத் தடவுவதுபோல் மேடும் பள்ளமுமாக இருந்தது. சக்கரம் தரையில் ஒட்டி உருளாமல் துள்ளித் துள்ளி ஓடியதன் தடயம் அது. துள்ளலை அடக்க வேண்டிய ஷாக் எப்போதோ செத்துவிட்டது.

ஷாக் அப்சார்பர் என்ற பெயரே பலரைப் போல எங்களையும் ஏமாற்றியிருந்தது. அதிர்வைத் தாங்குவது ஸ்பிரிங். தாங்கிய ஸ்பிரிங் விட்டால் ஆடிக்கொண்டே இருக்கும். உள்ளே எண்ணெயைச் சிறு துளைகள் வழியாகத் தள்ளி, அந்த ஆட்டத்தைச் சூடாக மாற்றி அடக்குவதே ஷாக்கின் வேலை. அது செத்தால், ஒவ்வொரு குண்டுக்குப் பின்னும் சக்கரம் சில கணங்கள் தரையை முழுமையாகத் தொடாது. ஒரு டயர் சாலையைத் தொடும் இடம் ஓர் உள்ளங்கை அளவுதான். அதுவும் காற்றில் இருக்கும்போது பிரேக் அடித்து என்ன பயன்?

முன்பக்கத்தில் இன்னும் ஒரு காரியம் உண்டு. ஐகானின் முன்சக்கரங்கள் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் என்னும் அமைப்பில் நிற்கின்றன. ஏர்ல் மெக்ஃபர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் வகுத்த இந்த அமைப்பு, 1950-இல் இங்கிலாந்தில் ஃபோர்டு அறிமுகம் செய்த கான்சல், ஸெஃபிர் வண்டிகளில் வந்தது. இன்று நம் சாலைகளில் ஓடும் சிறு கார்களில் பெரும்பாலானவை இந்த அமைப்பின் மேல்தான் ஓடுகின்றன. இதில் ஷாக் வெறும் அடக்கி மட்டுமன்று. சக்கரத்தை நேராகப் பிடித்து நிறுத்தும் தூணும் அதுவே. தூண் ஆடினால் ஸ்டியரிங்கும் ஆடும். இதைக் கேட்டதும் இளையவர் தலையைக் குனிந்துகொண்டார். ஆட்டம் கண்ட தூணின் மேல் விறைப்பான அறுத்த ஸ்பிரிங்கை ஏற்றியிருந்தார். விறைப்பு ஏற ஏற, அடக்குவதற்கு அதிக வலு வேண்டும். இருந்த வலுவும் அவ்வண்டியில் இல்லை.

பிறகு மாமா வண்டியை ஜாக்கியில் தூக்கி, கடப்பாரையால் லோயர் ஆர்மை நெம்பினார். புஷ் ரப்பர் பாளம் பாளமாக வெடித்திருந்தது. இடப்பக்கப் பால் ஜாயிண்டில் ஆட்டம். லிங்க் ராடு இரண்டும் கலகலத்தன. ஸ்ட்ரட்டின் உச்சியில் இருக்கும் ரப்பர் மவுண்ட் பிய்ந்து இரும்போடு இரும்பு இடித்துக்கொண்டிருந்தது. மூன்றாண்டுகளாகப் பள்ளத்தில் கேட்ட ‘டொக்’ சத்தத்தை வயதான வண்டி அப்படித்தான் முனகும் என்று நாங்கள் விட்டிருந்தோம். அம்மாவின் இடுப்புக்கும் அதையே சொல்லியிருந்தோம் என்பது அப்போது உறைத்தது.

மாமா சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து, மூன்றாவது பத்தியை முழுவதும் காலியாக்கினார். முதல் பத்தியில் டயர் நான்கு, பால் ஜாயிண்ட் இரண்டு, லோயர் ஆர்ம் புஷ், ஷாக் நான்கு, அறுத்த ஸ்பிரிங்குக்குப் பதிலாக அசல் அளவு ஸ்பிரிங் இரண்டு. மவுண்டும் லிங்க் ராடும் இரண்டாவதில் இருந்தன. ஆனால் ஸ்ட்ரட்டைக் கழற்றும்போதே மவுண்டையும் மாற்றாவிட்டால் அதே கூலியை மீண்டும் கொடுக்க வேண்டிவரும் என்பதால் அவை முதல் பத்திக்குக் குடிபெயர்ந்தன. எது முக்கியம் என்பதோடு, எதை எதோடு சேர்த்துக் கழற்றுகிறோம் என்பதும் வரிசையைத் தீர்மானிக்கிறது. இதை எந்த நூலிலும் படித்து நாங்கள் அறிந்திருக்க மாட்டோம்.

உதிரிபாகங்கள் கிடைப்பது எளிதாக இல்லை. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. மறுஆண்டு மறைமலை நகர் ஆலையின் கடைசிக் காரும் வெளியேறிவிட்டது. சென்னைப் புதுப்பேட்டையில் பழைய ஷாக் பாதி விலைக்குக் கிடைக்கும் என்று இளையவர் சொன்னார். கதவு, விளக்கு, கண்ணாடி என்றால் அங்கே வாங்கலாம். ரப்பரும் ஷாக்கும் பழையதாக வாங்கவே கூடாது என்று மாமா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பிறர் தேய்த்துத் தீர்த்ததை நாம் புதிதென்று மாட்டுவதாகும். மூன்று வாரம் காத்திருந்து புதியவற்றையே வாங்கினோம்.

ஷாக்கில் மட்டும் இளையவரின் ஆசைக்கு ஓர் இடம் கிடைத்தது. அசல் அளவிலேயே நைட்ரஜன் வாயு அடைத்த வகை கிடைத்தது. விலையில் சில நூறு ரூபாய்தான் வேறுபாடு. தொடர்ந்து குலுங்கும் சாலையில் உள்ளிருக்கும் எண்ணெய் நுரைத்துப் போகாமல் அந்த வாயு அழுத்தம் காக்கும். மலைப்பாதைக்கு நல்லது. பாலியூரித்தேன் புஷ் போடலாமா என்றும் அவர் கேட்டார். அது நீண்ட நாள் உழைக்கும், பிடிமானமும் தரும். ஆனால் சாலையின் ஒவ்வொரு நடுக்கத்தையும் இருக்கைக்குக் கொண்டுவரும். மாமா பதில் சொல்லாமல் அம்மா வழக்கமாக உட்காரும் பின்னிருக்கையைப் பார்த்தார். ரப்பர் புஷ்ஷே போட்டோம்.

வண்டி வேலை செய்வோருக்கு ஒரு சிறு குறிப்பு. எங்களைக் கவர்ந்த இடம் இதுதான். லோயர் ஆர்மை மாட்டியபோது போல்டுகளை மாமா இறுதிவரை முடுக்கவில்லை. சக்கரங்களைப் பூட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, நாங்கள் நால்வரும் உள்ளே உட்கார்ந்த பின், கீழே படுத்து முடுக்கினார். சக்கரம் தொங்கும் நிலையில் முடுக்கினால், வண்டி தரையில் இறங்கும்போது புதிய ரப்பர் முறுக்கிக்கொண்டே கிடந்து சீக்கிரம் கிழியுமாம். முன்பு ஒருமுறை மாற்றிய புஷ் ஓராண்டுகூட நிற்காததன் காரணம் அப்போது விளங்கியது. எழுபதை நெருங்கும் மனிதர் அதற்காக மண்ணில் மல்லாந்து படுத்தார்.

எல்லாம் முடிந்து வீல் அலைன்மெண்ட் செய்து திரும்பியபோது 54,000 ரூபாய் ஆகியிருந்தது. வண்டி பழைய உயரத்துக்கே வந்துவிட்டது. இளையவர் அதைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பின் சாவியை வாங்கிக்கொண்டு தனியே சிறுமலைக்குப் போனார். மஃக்ரிபுக்குத் திரும்பியவர், “அத்தா ஓட்டுன வண்டி இதுதான்” என்று மட்டும் சொன்னார். புதிதாக எதையும் சேர்க்காமல் 2002-இல் இருந்ததைத் திரும்பப் பெற்றதற்கே அவ்வளவு பணமும் போயிற்று. மேம்பாடு என்று நாங்கள் பேசியதெல்லாம் அதற்கு அப்பால் எங்கோ இருந்தது.

ஆயினும் அடுத்த மதுரைப் பயணத்தில் அம்மாவின் துப்பட்டி மடித்தபடியே இடுப்புக்குப் பின்னால் இருந்தது. எங்களுக்குச் சற்று ஏமாற்றம். வண்டி வழுக்கவில்லை, துள்ளவில்லை, ‘டொக்’ சத்தமும் இல்லை; ஆனால் சிறு சிறு அதிர்வு மட்டும் குறையவில்லை. மாமாவிடம் போனோம். அவர் காற்றழுத்தத்தை அளந்தார். நான்கிலும் 40. டயர் மாற்றிய இடத்தில் அடித்துவிட்ட அளவு அது. பெட்ரோல் பங்கிலும் கேட்காமலே அப்படித்தான் அடிப்பார்கள், நாங்களும் நிறைய இருந்தால் நல்லதென்று விட்டிருந்தோம். எவ்வளவு அடிக்க வேண்டும் என்பது வண்டியின் கையேட்டிலேயே இருக்கிறது. அத்தா அதைப் பிளாஸ்டிக் உறையிட்டு டாஷ்போர்டில் வைத்திருந்தார். இருபது ஆண்டுகளில் அதை ஒருமுறையும் நாங்கள் திறந்து பார்த்ததில்லை. அதில் உள்ளபடி காற்றை இறக்கிவிட்டு வந்தோம். மாமா இதற்குக் காசு வாங்கவில்லை. 54,000 ரூபாய் செலவழித்த தாளில் எந்தப் பத்தியிலும் காற்று இடம்பெறவில்லை என்பதைச் சொல்லிச் சொல்லி மூத்தவரின் மனைவி இன்றும் எங்களைக் கேலி செய்கிறார்.

அறுத்த ஸ்பிரிங்குகள் இரண்டும் செய்தித்தாளில் சுற்றப்பட்டுப் பரணில் இருக்கின்றன. எடைக்குப் போடச் சொல்லி மூத்தவர் பலமுறை சொல்லிவிட்டார். இளையவர் மறுக்கவும் இல்லை, போடவும் இல்லை.

சென்ற மாதம் மதுரைக்குப் போகும்போது இளையவர்தான் ஓட்டினார். அம்பாத்துரை தாண்டியதும் அம்மா பேசுவதை நிறுத்தினார். கொடைரோடு சுங்கச்சாவடியில் வண்டி நின்றபோது திரும்பிப் பார்த்தோம். தலையைக் கண்ணாடியில் சாய்த்து உறங்கிக்கொண்டிருந்தார். துப்பட்டி தோளிலேயே இருந்தது. இளையவர் கண்ணாடி வழியாக ஒருமுறை பின்னால் பார்த்துவிட்டு, முதல் கியரைப் போட்டு மெதுவாகக் கிளம்பினார்.